மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்த சிரிப்பு

என் இரண்டு கைகளும் முழங்கை வரை உருளைக்கிழங்குக்குள் இருந்தன. சூடான சூப்பும் வினிகரும் கடுகு விழுதும் சேர்ந்த புளிப்பு மணம் மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பரிமாறும் ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு முதியவரின் குரல் கேட்டது.

"க்ரூஸ் கொட் மிட்டநாண்ட்!"

எல்லோருக்கும் வணக்கம் என்பதுதான் அர்த்தம். ஆனால் எல்லா ஜெர்மன்காரரும் இப்படிச் சொல்வதில்லை. தெற்கில், ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்துச் சின்ன ஊர்களில்தான் கடைசிச் சொல்லை இப்படி வாய்க்குள்ளேயே வைத்துச் சப்புவார்கள். நான் பதின்மூன்று வருடம் அந்தச் சப்பலுக்குள் வாழ்ந்தவள்.

லண்டன் செவன் கிங்ஸில், ஒரு தேவாலய மண்டபத்தில், ஒரு சனிக்கிழமை மத்தியானம் அது என் காதில் விழுந்ததும், கிழங்கோடு கிழங்காக நின்றுவிட்டேன்.

"என்ன, பேயடிச்ச மாதிரி நிக்கிறீர்?" என்றார் என் கணவர். அவர் சொசேஜ் பானைக்குக் காவல். சனிக்கிழமை சைவம் என்பதால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவித்துக்கொண்டிருந்தார்.

"ஆரோ ஷ்வேபிஷ் கதைக்கினம்" என்றேன். அந்தச் சப்பல் பேச்சுக்கு அதுதான் பெயர்.

"உமக்கு மூன்று நாளா நித்திரை இல்லை. அதுதான்."

லிண்டா அழுத புதன்கிழமை

நாங்கள் எப்படி அந்த மண்டபத்துக்குப் போனோம் என்பதைச் சொல்ல வேண்டும்.

லிண்டா எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். லிண்டா பிரென்னர் என்பது முழுப் பெயர். அவளுடைய முன்னோர் ஒருவர் எந்தக் காலத்திலோ தெற்கு ஜெர்மனியிலிருந்து வந்து, கிழக்கு லண்டனில் பன்றி இறைச்சிக் கடை போட்டவர். பெயர் யேக்கப். அவருடைய வாரிசுகள் எசெக்ஸ், கென்ட், ஆஸ்திரேலியா என்று சிதறிக் கிடந்தார்கள். எல்லோரையும் ஒரே இடத்தில் கூட்டுவதற்கு லிண்டா இரண்டு வருடமாக அலைந்தாள். 'யேக்கப்பின் பிள்ளைகள்' என்று நெஞ்சில் எழுதிய பச்சை டீசேர்ட் எல்லோருக்கும் அடித்து வைத்திருந்தாள்.

புதன்கிழமை காலை அவள் எங்கள் வாசலில் வந்து நின்று அழுதாள். சாப்பாடு தருவதாகச் சொன்ன ஜெர்மன் சமையல்காரர் கையை விரித்துவிட்டாராம்.

"சனிக்கிழமை நூறு பேர் வருகினம், ரஞ்சி. நான் என்ன செய்ய?"

நாங்கள் சாப்பாட்டு ஓடர் எடுக்கிற ஆட்கள்தான். ஆனால் எங்கள் கை பேசுவது ரோல்ஸும் ஆட்டிறைச்சிக் கறியும் இடியப்பமும். கல்யாணம், பிறந்தநாள், செத்தவீட்டு அந்தியேட்டி என்று எல்லாவற்றுக்கும் கொடுப்போம். வெள்ளைக்காரக் குடும்பத்துக்கு ஒரு நாளும் கொடுத்ததில்லை.

"நான் செய்யிறன்" என்று என் வாய் சொல்லிவிட்டது.

அவள் போனதும் கணவர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார். "உமக்கென்ன விசரே? நூறு வெள்ளைக்காரருக்கு இடியப்பமும் சொதியுமோ குடுக்கப் போறீர்?"

"இல்லை. கார்ட்டோஃபல்ஸலாட்."

அவர் என்னைப் பார்த்தார். உருளைக்கிழங்கு சலாட்டுக்கு ஜெர்மன் பெயர் அது. நாங்கள் லண்டனுக்கு வந்த பிறகு அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. எங்களுக்கு ஜெர்மன் தெரியும் என்பதே லிண்டாவுக்குத் தெரியாது. இருபது வருடம் ஒரே தெரு. அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவளுக்கு நாங்கள் சிறிலங்கா. அவ்வளவுதான்.

பேசுகிற சலாட்

ஜெர்மனியில் நான் வேலை செய்தது முதியோர் இல்லத்துக் குசினி ஒன்றில். கூட வேலை செய்தவள் ஊர்சுலா. என் வயதுதான். வாயைத் திறந்தால் தூஷணம்.

அவள்தான் அந்த சலாட்டில் மயோனைஸ் போடுவது கொலைக்குச் சமம் என்று எனக்குச் சொன்னவள். கிழங்கு சுடச்சுட இருக்கும்போதே மெல்லிசாக வெட்டி, கொதிக்கிற சூப்பை ஊற்ற வேண்டும். கிளறும்போது அது சளக் சளக் என்று சத்தம் போட வேண்டும். "பேசேல்லை எண்டால் அது சலாட் இல்லை, சிமெந்து" என்பாள். பேசாத சலாட்டை அவள் அப்படியே குப்பையில் கவிழ்த்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

என் ஜெர்மன் அவளிடம் பொறுக்கியது. அதனால் பிரஜாவுரிமை நேர்முகத்தில் ஒரு வசனத்தை மிகவும் பணிவாகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சொன்னேன். அந்த அதிகாரி எழுந்து வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். என்ன சொன்னேன் என்று இன்றுவரை கணவர் எனக்கு விளக்க மறுக்கிறார்.

நான் 'இல்லை' என்று சொன்ன கல்யாணம்

ஜெர்மனி என்று தொடங்கினால் என் கல்யாணத்தைச் சொல்லாமல் விட ஏலாது. இதை எழுதக் கணவரிடம் சம்மதம் வாங்கிவிட்டேன்.

என்னை ஊரிலிருந்து அனுப்பியது யோகநாதன் என்ற மாப்பிள்ளைக்கு. படம் பார்த்திருந்தேன், கடிதம் வந்திருந்தது. போய் இறங்கினேன். ஆளும் படத்தில் இருந்த ஆள்தான். எனக்குப் பிடித்தும் இருந்தது. கொஞ்ச நாளில் கல்யாணப் பதிவுக் கந்தோருக்குப் போனோம். கண்ணாடி போட்ட ஒரு அம்மா தாளைப் பார்த்து வாசித்தார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்:

"பாலச்சந்திரனைத் திருமணம் செய்யச் சம்மதமா?"

"இல்லை" என்றேன்.

கண்ணாடி அம்மா தாளை இன்னொரு தரம் பார்த்தார். "ஐயோ, நான் யோகநாதனைக் கட்ட வந்தனான்! இது ஆர் பாலச்சந்திரன்?"

பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை என் காலை மிதித்தார். "அது நான்தான். சொல்ல மறந்திட்டன். ஓம் எண்டு சொல்லும்."

அந்த மொழிபெயர்ப்பாளர் புண்ணியவான். "மணமகளுக்குக் கொஞ்சம் வெட்கம்" என்று ஜெர்மனில் சொல்லிச் சமாளித்தார்.

நடந்தது இதுதான். இவரை ஊரில் ஆமி தேடத் தொடங்கியபோது இவரிடம் பாஸ்போட் இல்லை. மூன்று வயது மூத்த அண்ணன் பாலச்சந்திரன் மத்திய கிழக்குக்குப் போவதற்கு எடுத்து வைத்திருந்தார். இரண்டு பேருக்கும் ஒரே முகவெட்டு. "நீ முதலில போ. நான் பிறகு பாப்பன்" என்று அண்ணன் தன்னுடையதைக் கொடுத்துவிட்டார். அந்தப் 'பிறகு' வரவேயில்லை. தம்பி பாலச்சந்திரனாக ஜெர்மனியில் பதிந்தார், பாலச்சந்திரனாக விசா எடுத்தார், பாலச்சந்திரனாகவே லண்டனுக்கும் வந்தார். அண்ணன் வவுனியாவில் இருந்துவிட்டார்.

வீட்டில் இது ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. நான் 'இஞ்சாருங்கோ' என்றுதான் கூப்பிடுவேன். சொந்தக்காரர் யோகன் என்பார்கள். மகள் அபி அதைச் செல்லப் பெயர் என்று நினைத்துக்கொண்டாள். வவுனியாவில் இருப்பவர் அவளுக்குச் சந்திரன் பெரியப்பா.

ஒரே ஒரு சிக்கல்தான். அந்த அண்ணன் லண்டனுக்கு வர முடியாது. அதே பெயர், அதே பிறந்த திகதி, அதே தாய் தகப்பன் பெயரில் ஒருவர் ஏற்கனவே இங்கே இருக்கிறார். ஆவணியில் அபிக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். "பெரியப்பா ஏன் வரேல்லை?" என்று அவள் கேட்கும்போதெல்லாம், "அவருக்குப் பிளேன் ஏறப் பயம்" என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டு எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார்.

சந்தோசமான கதிரை

சரி, மண்டபத்துக்கு வருகிறேன்.

காலையிலேயே பச்சை டீசேர்ட்கள் நிறையத் தொடங்கிவிட்டன. முதலில் ஜன்னலுக்கு வந்தவர் டெரிக். லிண்டாவின் ஒன்றுவிட்ட சகோதரர், உயரமான ஆள், குரலும் உயரம். கோப்பி வாங்கிக்கொண்டே எனக்கு வரலாறு சொன்னார்.

"எங்கட யேக்கப் ஒழுங்கா அனுமதிப் பத்திரத்தோட வந்து இறங்கினவர். இப்ப வாறவங்கள் மாதிரி இல்லை." பிறகு என்னைப் பார்த்து, "உங்களைச் சொல்லேல்லை" என்றார்.

"சீனி எத்தனை?" என்று கேட்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்தக் குரல். ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். தொப்பி, கம்பளிக் கோட், தோளில் துணிப்பை. ஓட்டோ என்று பெயர். யேக்கப் விட்டுவந்த அதே ஊரிலிருந்து வந்திருந்த விருந்தினர். டிராக்டர் திருத்தும் வேலையில் இருந்தவராம். கூட வரவேண்டிய மகளுக்குக் காய்ச்சல். விலாசம் எழுதிய துண்டை மட்டும் வைத்துக்கொண்டு தனியாகப் பிளேன் ஏறி வந்துவிட்டார். ஒரு சொல் ஆங்கிலம் தெரியாது.

மண்டபம் நிறைய ஜெர்மன்காரரின் வாரிசுகள். ஒருவருக்கும் ஜெர்மன் தெரியாது.

லிண்டா தொலைபேசியில் மொழிபெயர்க்கிற செயலியைத் திறந்து அவர் வாய்க்கு நேரே நீட்டினாள். அவர் நீளமாக ஏதோ சொன்னார். தொலைபேசி ஒரு பெண் குரலில் ஆங்கிலத்தில் அறிவித்தது:

"நான் ஒரு சந்தோசமான கதிரை."

லிண்டா திரும்பவும் நீட்டினாள். "என் முழங்கால் உங்கள் மாமியாரை வாழ்த்துகிறது" என்றது தொலைபேசி.

அவர் கேட்டது இவ்வளவுதான்: முழங்கால் நோகுது, எங்கேயாவது ஒரு கதிரையில் உட்காரலாமா? என்னால் பொறுக்க முடியவில்லை. கடுகு விழுது வடியும் கையோடு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனேன்.

"ஹொக்கெட் ஸே நா!" என்றேன். இருங்கோ, உட்காருங்கோ என்று அர்த்தம். ஊர்சுலா ஒரு நாளைக்கு இருபது தரம் சொல்லுவாள்.

ஓட்டோ என் முகத்தைப் பார்த்தார். ஏப்ரனைப் பார்த்தார். பிறகு பின்னால் எட்டி, பேசியது வேறு யாரோ என்று தேடினார். நான் இன்னும் இரண்டு வசனம் சொன்னேன். மனுசன் தொப்பியைக் கழற்றி, கடுகோடு சேர்த்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

லிண்டாவின் வாய் திறந்தபடியே இருந்தது. "ரஞ்சி! உனக்கு ஜெர்மன் தெரியுமா?"

"கொஞ்சம். குசினி ஜெர்மன்."

"மேடைக்கு வா!"

மைக்

ஏப்ரனைக் கழற்றக்கூட விடவில்லை. இடப்பக்கம் ஓட்டோ, வலப்பக்கம் லிண்டா, நடுவில் நான். முன்னால் நூறு பச்சை டீசேர்ட்கள். அபி சொசேஜ் தட்டோடு நடு வரிசையில் நின்றாள். வங்கி வேலைக்கு லீவு போட்டு எங்களுக்கு உதவ வந்திருந்தாள். ஜன்னலில் கணவரின் முகம்.

ஓட்டோ துணிப்பையிலிருந்து காகிதங்களை எடுத்தார். ஊர்த் தேவாலயப் பதிவேட்டின் நகல், வீட்டில் இருந்த பழைய கடிதம் ஒன்றின் நகல். அவர் ஒவ்வொரு வசனமாகச் சொல்ல, நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"எங்கட ஊரில ரெண்டு சகோதரர் இருந்தினம். மூத்தவர் யேக்கப். இளையவர் மைக்கேல்."

எல்லோரும் தலையாட்டினார்கள்.

"இளையவரைப் பட்டாளத்துக்குப் பிடிக்க வந்தாங்கள். அவர் போக விரும்பேல்லை."

யாரோ கைதட்டினார்கள்.

"நாட்டை விட்டுப் போற அனுமதிப் பத்திரம் மூத்தவரிட்டைத்தான் இருந்தது."

அடுத்த வசனத்தை ஓட்டோ சொன்னார். எனக்கு விளங்கியது. வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்தது.

சின்னச் சிரிப்பு இல்லை. வயிற்றில் தொடங்கி, தோளைக் குலுக்கி, மூக்கால் வெளியேறுகிற சிரிப்பு. மைக் அதை நாலு ஒலிபெருக்கிகளுக்கும் பகிர்ந்து கொடுத்தது. ஓட்டோ பயந்துபோனார். தன் காற்சட்டையைக் குனிந்து பார்த்தார்.

"ரஞ்சி, என்ன சொன்னவர்?" என்றாள் லிண்டா.

ஜன்னலைப் பார்த்தேன். என் கணவருக்கும் ஜெர்மன் தெரியும்தானே. சொசேஜ் இடுக்கியைப் பிடித்தபடி, வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

ஒரு நொடியில் எல்லாம் ஓடியது. இரண்டு வருடம் அலைந்த லிண்டா. நூறு டீசேர்ட். முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு டெரிக். மாற்றிச் சொன்னாலும் அங்கே யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் இந்த மனுசன் முழங்கால் நோவோடு இவ்வளவு தூரம் வந்து சொன்னதை நான் எப்படி விழுங்குவது?

சொன்னேன்.

"மூத்தவர் தன்ர பத்திரத்தை இளையவருக்குக் குடுத்தார். இளையவர் அண்ணன்ர பேரில லண்டனுக்கு வந்திட்டார். உண்மையான யேக்கப் ஊரை விட்டு ஒரு நாளும் வெளிக்கிடேல்லை. ஓட்டோவின்ர ஆக்கள்தான் யேக்கப்பின்ர பிள்ளைகள். நீங்கள் எல்லாரும் மைக்கேலின்ர."

நூறு பேரும் குனிந்து தங்கள் நெஞ்சைப் பார்த்தார்கள்.

டெரிக் எழுந்தார். "இதில சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

நியாயமான கேள்வி. மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கியிருக்கலாம். ஆனால் என் வாயைப் பற்றி உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

"எங்கட வீட்டிலையும் ஒரு மைக்கேல் இருக்கிறார்" என்று ஜன்னலைக் காட்டினேன்.

சொன்ன பிறகுதான் அபியைப் பார்த்தேன். தட்டில் சொசேஜ் உருண்டது.

"அப்பா?"

இனி என் கதை முடிந்தது என்று நினைத்தேன். கணவர் இடுக்கியை வைத்தார். கையைத் துடைத்தார். கதவைத் திறந்துகொண்டு வந்து, மேடையில் ஏறி, என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். முப்பத்துமூன்று வருடக் கல்யாணத்தில் இந்த மனுசன் மைக்கைத் தொட்டதில்லை.

"என்ர பேர் யோகநாதன்" என்றார் ஆங்கிலத்தில். கொஞ்சம் நிறுத்தி, இன்னும் சத்தமாக, "யோகநாதன்" என்றார்.

பிறகு ஓட்டோவுக்கு ஜெர்மனில் முழுக்கதையையும் சொன்னார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஓட்டோ அவர் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"அண்ணன் உயிரோடு இருக்கிறாரா?"

"இருக்கிறார்."

"இன்றைக்கு வந்திருக்கிறாரா?"

"இல்லை. அவருக்கு லண்டனுக்கு வர ஏலாது. அவர் ஏற்கனவே இங்க இருக்கிறார்."

நான் அதை அப்படியே மொழிபெயர்த்தேன். முதலில் வெடித்தது லிண்டா. பஸ் ஓட்டியவளின் சிரிப்பு, தெரு முழுக்கக் கேட்கும். பிறகு மண்டபம் முழுக்கப் பிடித்துக்கொண்டது. ஒருவரை ஒருவர் காட்டி, "நீ ஆர்? நீ ஆர்?" என்று கேட்டுக் கண்ணைத் துடைத்தார்கள். என் கணவர் சிரித்தாரா அழுதாரா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை.

டெரிக் மட்டும் சிரிக்காமல் நடந்து சமையலறைக்குள் போனார். தட்டுகளுக்குப் பெயர் எழுதுகிற கறுப்பு மார்க்கரோடு திரும்பி வந்தார். தன் நெஞ்சில் யேக்கப்பை வெட்டி, மேலே மைக்கேல் என்று எழுதினார். பிறகு மார்க்கரை அடுத்தவரிடம் நீட்டினார். என் கணவரிடம் வந்து கையைக் கொடுத்து, "பேரைத் திரும்ப ஒருக்கால் சொல்லுங்கோ. நான் சரியாச் சொல்லிப் பழக வேணும்" என்றார். நாலாம் தரத்தில் 'யோகா நேதன்' வரை வந்தார்.

அறுபது மெழுகுதிரி

சமையலறையில் அபி எங்களை மறித்தாள்.

"பெரியப்பாவுக்குப் பிளேன் பயம் எண்டது?"

"பொய்" என்றார் இவர்.

"உங்கட அறுபதாவது பர்த்டே?"

"அப்ப எனக்கு ஐம்பத்தேழு."

"அப்பா! கேக்கில அறுபது மெழுகுதிரி வச்சனான்!"

"அதுதான் ஒரே மூச்சில ஊதினனான்."

அவள் கோபமாகத்தான் இருக்கப் பார்த்தாள். உதடு கேட்கவில்லை. தகப்பனின் ஏப்ரனில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு நிமிர்ந்து, "என்ர கல்யாணத்துக்குப் பெரியப்பா வரவேணும். நோ எக்ஸ்கியூசஸ்" என்றாள்.

வெளியே ஓட்டோ சலாட் சட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கிளறிக்கொண்டிருந்தார். "பேசுது! பேசுது!" என்று கத்தினார். மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். ரோல்ஸையும் விடவில்லை. கொஞ்சம் பயத்தில் நான் அதையும் ஒரு பெட்டி கொண்டுபோயிருந்தேன். பத்து நிமிடத்தில் பெட்டி காலி.

கையெழுத்து

அபி ஒரு சட்டத்தரணியைப் பிடித்தாள். அவர் சொன்னதெல்லாம் நீளம். அதில் பாதியை இங்கே எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். எழுதக் கூடியது இதுதான்: கொடுக்க வேண்டிய இடங்களுக்கு உண்மையை எழுதிக் கடிதம் கொடுத்தாயிற்று. பெயரை மாற்றுவது மட்டும் இந்த நாட்டில் ஆச்சரியமான அளவுக்குச் சுலபம். ஒரு தாள், கையெழுத்து, சாட்சி.

சாட்சிகள் லிண்டாவும் டெரிக்கும். டெரிக் அதற்கென்று எசெக்ஸிலிருந்து கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு வந்தார். எங்கள் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சுற்றி இருந்தோம். கணவர் பேனையை எடுத்தார், வைத்தார்.

"என்ன?" என்றேன்.

"யோகநாதன் எண்டு கையெழுத்து வச்சு நாற்பது வருசமாச்சு. எப்பிடி வைக்கிறனான் எண்டு மறந்துபோச்சு."

பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தார். முதலாவது பள்ளிக்கூடப் பொடியன் எழுதியது போல இருந்தது. ஏழாவதில் ஒரு வளைவு வந்தது. "இதுதான்" என்று லிண்டா தீர்ப்புச் சொன்னாள்.

மை காய முதலே வவுனியாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தோம். அண்ணை சாரத்தோடு, தலை துவட்டியபடி வந்து இருந்தார்.

"அண்ணை, உங்கட பேரை இண்டைக்கு விட்டிட்டன்" என்றார் இவர்.

அந்தப் பக்கம் அண்ணை தலை துவட்டுவதை நிறுத்தினார். துவாயைத் தோளில் போட்டார்.

"என்ர பேர் அங்க நல்லா இருந்துதோடா?"

"நல்லா இருந்துது, அண்ணை. வேலை எடுத்துது. வீடு வாங்கிச்சுது. ஒரு பிள்ளையைப் படிப்பிச்சுது. ஒரு நாளும் ஒருத்தரும் அதைக் கேவலமாக் கூப்பிடேல்லை."

"அப்ப சரி" என்றார் அண்ணை. தொலைபேசியைக் கிட்டக் கொண்டுவந்தார். திரை முழுக்க என் கணவரின் முகமேதான், மூன்று வயது கூடுதலாக.

"டேய் யோகன், ஆவணியில அங்க குளிருமோ? நான் ஸ்வெட்டர் ஒண்டு வாங்க வேணுமே?"